பார், கேள், சொல்: ஒரு தமிழ் வினைக்கு மூன்று நான்கு ஆங்கில வினைகள். எதை எங்கே போடுவது?

பனையோலை
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்று தயாராகிறது. தமிழ்வழிப் பிள்ளைகள். அவர்கள் அதிகம் குழம்புவது இலக்கணத்தில் இல்லை, சொல் தேர்வில்தான். அகராதியைத் திறந்தால் 'சே', 'டெல்' இரண்டுக்கும் 'சொல்' என்று போட்டிருக்கிறது. 'ஸ்பீக்', 'டாக்' இரண்டுக்கும் 'பேசு'. 'ஸீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் 'பார்'. 'பொருள் கொஞ்சம் மாறும்' என்று சொன்னால் போதவில்லை, எப்படி மாறும் என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் தாங்களே சோதித்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது வழி இருக்கிறதா?

சொல்வேட்டை
வழி இருக்கிறது. பொருளை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். வினைக்குப் பின்னால் எது வந்து உட்காருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

'சே', 'டெல்' இரண்டுக்கும் பொருள் வேறுபாடு தேடினால் பெரிதாக ஒன்றும் சிக்காது. ஆனால் பக்கத்தில் வருவது முற்றிலும் வேறு. 'டெல்'லுக்குப் பின்னால் ஆள் வர வேண்டும்: 'ஹீ டோல்ட் மீ தட் ஹீ வாஸ் டயர்ட்'. 'சே'க்குப் பின்னால் சொன்ன சேதி வர வேண்டும்: 'ஹீ செட் தட் ஹீ வாஸ் டயர்ட்'. ஆளையும் குறிப்பிட வேண்டுமானால் 'செட் டு மீ'. நம் பிள்ளைகள் எழுதுகிற இரண்டு பிழைகளும் இதைக் குறுக்கே மாற்றிப் போடுவதுதான்: 'ஹீ செட் மீ தட்', 'ஹீ டோல்ட் தட்'.

ஆள் இல்லாமலே 'டெல்' வருகிற இடங்கள் கைவிரலில் அடங்கும்: 'டெல் தி ட்ரூத்', 'டெல் எ லை', 'டெல் எ ஸ்டோரி', 'டெல் எ ஜோக்', 'டெல் தி டைம்', 'டெல் தி டிஃபரன்ஸ்'. இவற்றை அப்படியே மனப்பாடம் செய்யட்டும். 'சே'க்கும் இதுபோல் உண்டு: 'சே ஹலோ', 'சே ஸாரி', 'சே யெஸ்'.

இன்னும் மூன்று. மேற்கோள் குறிக்குள் அப்படியே தருகிற பேச்சுக்கு 'செட்'தான் இயல்பு. ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் 'டெல்': 'ஷீ டோல்ட் தெம் டு வெயிட்'. பலகையோ கடிகாரமோ அறிவிப்போ சொன்னால் 'சே': 'தி நோட்டீஸ் செஸ் நோ பார்க்கிங்'. இங்கே 'டெல்ஸ்' போட்டால் ஒட்டாது.

மழைத்தூறல்
'டோல்ட் டு மீ' என்று நிறையப் பேர் எழுதுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

சொல்வேட்டை
தமிழிலிருந்து. 'என்கிட்ட சொன்னான்', 'என்னிடம் சொன்னான்' என்கிறோம். அந்த 'கிட்ட', 'இடம்' என்கிற உருபுக்கு ஆங்கிலத்தில் ஒன்று வேண்டுமே என்று 'டு' போட்டுவிடுகிறார்கள். 'டெல்'லை ஒட்டி ஆள் வந்தால் நடுவில் 'டு' கிடையாது. சொன்ன விஷயம் முதலில் வந்து ஆள் பின்னால் வந்தால் 'டு' வரும்: 'ஷீ டோல்ட் தி ஸ்டோரி டு தி சில்ட்ரன்'. ஆகவே 'டெல்லுக்கு டு வராது' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிக்கொடுத்தால், சரியான வாக்கியத்தையும் பிள்ளை அடித்துவிடும். ஆள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள்.

தென்றல்_மதுரை
பனையோலை, 'பார்', 'கேள்' இரண்டுக்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அதைத் தமிழிலேயே செய்துவிடலாம், அதனால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

'கேள்' ஒரே வினை போலத் தெரிந்தாலும் தமிழ் வாக்கியத்தில் மூன்று விதமாக நிற்கிறது:

எனக்குச் சத்தம் கேக்குது. இங்கே 'எனக்கு'. நாம் ஒன்றும் செய்யவில்லை, சத்தம் தானாகக் காதில் விழுகிறது. இது 'ஹியர்'.
நான் பாட்டுக் கேக்கிறேன். இங்கே 'நான்'. வேண்டுமென்றே காது கொடுக்கிறேன். இது 'லிஸன் டு'.
நான் அவர்கிட்ட கேட்டேன். 'கிட்ட' வந்துவிட்டது. இது 'ஆஸ்க்'.

'எனக்கு', 'நான்', 'கிட்ட'. இந்த மூன்றையும் தேடச் சொன்னால் பெரும்பாலான வாக்கியங்கள் சரியாக விழும். 'சொன்னா கேக்க மாட்டான்' என்பது 'ஹீ வோன்ட் லிஸன்'. அங்கேயும் 'அவன்'தான், 'அவனுக்கு' இல்லை. சோதனை அங்கேயும் நிற்கிறது பாருங்கள். 'கேள்விப்பட்டேன்' என்றால் 'ஐ ஹர்ட் தட்'.

'ஆஸ்க்' உள்ளே இன்னொரு பிரிவு உண்டு. தகவல் கேட்டால் வெறும் 'ஆஸ்க்': 'ஐ ஆஸ்க்ட் ஹிம் தி டைம்'. பொருளோ பணமோ உதவியோ கேட்டால் 'ஆஸ்க் ஃபார்': 'ஐ ஆஸ்க்ட் ஹிம் ஃபார் மணி'. அந்த 'ஃபார்' விட்டுப்போவது மிக அதிகம்.

'லிஸன்' தனியாக நிற்கும்போது 'டு' கிடையாது, பின்னால் ஏதாவது வந்தால் கட்டாயம் உண்டு. 'லிஸன்!' சரி, 'லிஸன் டு மீ' சரி, 'லிஸன் மியூஸிக்' தவறு. 'ஹியர்' பக்கம் 'டு' அண்டாது. அதோடு 'ஹியர்' வினையை நடந்துகொண்டிருக்கிற காலத்தில் போடுவதும் வழக்கமில்லை. போனில் 'கேக்குதா?' என்பதற்கு 'கேன் யூ ஹியர் மீ?' போதும். இணையவழிக் கூட்டங்களில் நம்மவர்கள் 'ஆம் ஐ ஆடிபிள்?' என்கிறார்கள். இலக்கணத்தில் பிழை இல்லை, ஆனால் வெளியூர்க் காதுக்கு விறைப்பாக விழும்.

'பார்' பக்கமும் இதே கதைதான். 'எனக்குத் தெரியுது' என்று மாற்ற முடிந்தால் 'ஸீ'. 'நான் பார்க்கிறேன்' என்றுதான் நிற்கும் என்றால் 'லுக் அட்' அல்லது 'வாட்ச்'. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே கேள்வி: பார்க்கிற பொருள் அசைகிறதா, மாறுகிறதா, அதற்காக நேரம் ஒதுக்குகிறோமா? ஆம் என்றால் 'வாட்ச்'. கரும்பலகை, படம், முகம் எல்லாம் 'லுக் அட்'. கிரிக்கெட், டிவி, அடுப்பில் பொங்குகிற பால் எல்லாம் 'வாட்ச்'. வகுப்பில் 'ஸீ தி போர்டு' என்று ஆசிரியர்களே சொல்கிறார்கள். அது 'லுக் அட் தி போர்டு'.

கடலோரம்_யாழ்
வணக்கம். எங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இந்தத் தாள் போகுமெண்டால் ஒரு விசயம் கவனிக்க வேணும். யாழ்ப்பாணத்தில 'பேசினவர்' எண்டால் ஏசினவர் எண்டும் விளங்கும். சும்மா உரையாடுறதுக்கு நாங்கள் 'கதைக்கிறது' எண்டுதான் சொல்லுவம். ஆகவே 'ஸ்பீக்', 'டாக்' இரண்டுக்கும் 'பேசு' எண்டு மட்டும் போட்டால் இங்க பிள்ளை தடுமாறும். 'கதை' எண்டும் சேர்த்துப் போடுங்கோ.

அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்: மொழிக்கு எப்பவும் 'ஸ்பீக்'. 'ஷீ ஸ்பீக்ஸ் டமில்', ஒருபோதும் 'டாக்ஸ் டமில்' இல்லை. மேடைப் பேச்சு, போனில் ஆளைக் கேக்கிறது, குரல் எழும்பாமல் போறது எல்லாம் 'ஸ்பீக்'. இரண்டு பேர் இருந்து கதைக்கிறது 'டாக்'. குழந்தை கதைக்கப் பழகுறதும் 'டாக்'தான். நடுவில கன இடத்தில இரண்டும் சரி: 'ஐ நீட் டு ஸ்பீக் டு யூ', 'ஐ நீட் டு டாக் டு யூ'. முதலாவது கொஞ்சம் இறுக்கமாயிருக்கும். அவ்வளவுதான். அந்த இடங்களைச் சோதினையில கேளாதேங்கோ.

பனையோலை
நன்றி, 'கதை' சேர்த்துவிடுகிறேன். தென்றல் அக்கா, 'எனக்கு / நான்' சோதனை அருமை. அது தாளின் முதல் பக்கத்துக்கே போகிறது.

நேர்வழி
மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. 'செட் மீ' என்றாலும் 'டோல்ட் மீ' என்றாலும் எதிரில் இருப்பவருக்குப் புரியத்தான் செய்கிறது. பேசத் தயங்குகிற பிள்ளையிடம் இவ்வளவு திருத்தினால் வாயையே திறக்காது. முதலில் சரளம் வரட்டுமே?

தென்றல்_மதுரை
பேசும்போது குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் எல்லாம் 'எப்படியும் புரியும்' ரகம் இல்லை. பொருளே திரும்பிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. நேரம் குறைவென்றால் அவற்றை மட்டுமாவது எடுக்க வேண்டும்.

மேலாளர் ஏதோ சொல்கிறார், இரைச்சலில் காதில் விழவில்லை. 'ஸாரி, ஐ டிட்ன்ட் லிஸன்' என்றால், 'நீங்கள் பேசியதை நான் கவனிக்கவே இல்லை' என்று ஆகிவிடும். வேண்டியது 'ஐ டிட்ன்ட் ஹியர்' அல்லது 'ஐ டிட்ன்ட் கேட்ச் தட்'.

'ஐ ஸெர்ச்ட் மை பேக்' என்றால் பையைத் திறந்து துழாவினேன். 'ஐ ஸெர்ச்ட் ஃபார் மை பேக்' என்றால் பையே காணோம். 'ஃபார்' ஒன்றுதான் வித்தியாசம். 'ஸெர்ச்' வினையை ஒட்டி இடம் வரும், தேடுகிற பொருள் 'ஃபார்' போட்டு வரும்: 'ஸெர்ச்ட் தி ஹவுஸ் ஃபார் தி கீ'. சாவிக்கு 'ஸெர்ச்ட் தி கீ' என்றால் சாவிக்குள் துழாவியதாகிறது. அன்றாடப் பேச்சில் 'லுக் ஃபார்' போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 'ஃபைண்ட்' என்பது தேடல் முடிந்து கையில் கிடைத்த பிறகு.

'ஐ ஹேவ் எ டவுட்' என்று வகுப்பில் கை தூக்குவது இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். வெளியில் அதைக் கேட்பவருக்கு, 'நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை' என்று போய்ச் சேரும். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்றே பழக்கிவிடலாம்.

'ஐ ஆம் ஸீயிங் ஹிம்' என்றால் இப்போது அவர் கண்ணுக்குத் தெரிகிறார் என்று ஆகாது. அவரோடு பழகுகிறேன், காதல் உறவில் இருக்கிறேன் என்றாகும். தெரிகிறார் என்பதற்கு 'ஐ கேன் ஸீ ஹிம்'.

பிறகு ஞாபகம். தானாக நினைவில் வைப்பது 'ரிமெம்பர்', அடுத்தவருக்கு நினைவூட்டுவது 'ரிமைண்ட்'. 'ரிமெம்பர் மீ டு பை மில்க்' என்று எழுதுகிறார்கள், அது 'ரிமைண்ட் மீ டு பை மில்க்'. 'ரிமெம்பர்' உள்ளேயே ஒரு பிரிவு: ஞாபகமாகப் பூட்டு என்றால் 'ரிமெம்பர் டு லாக்', பூட்டியது ஞாபகம் இருக்கிறது என்றால் 'ரிமெம்பர் லாக்கிங்'. தமிழில் 'ஞாபகமா' முன்னால் வந்தால் முதலாவது, 'ஞாபகம் இருக்கு' என்று பின்னால் வந்தால் இரண்டாவது.

நேர்வழி
சரி, ஏற்கிறேன். அப்படியானால் தாளில் பொருள் மாறுகிறவற்றை முதலிலும், காதுக்கு மட்டும் ஒட்டாதவற்றைக் கடைசியிலும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் வேண்டாம்.

கறுப்புக்கோட்டு
'திருடு' யாரும் எடுக்கவில்லையே. நீதிமன்ற மொழிபெயர்ப்பில் இது தினமும் வருகிறது.

'ஸ்டீல்' வினைக்குப் பின்னால் போன பொருள் வரும். 'ராப்' வினைக்குப் பின்னால் பறிகொடுத்த ஆளோ இடமோ வரும். 'தே ஸ்டோல் ஹெர் செயின்', 'தே ராப்ட் ஹெர் ஆஃப் ஹெர் செயின்', 'தே ராப்ட் தி பேங்க்'. 'மை பர்ஸ் வாஸ் ராப்ட்' தவறு, 'ஸ்டோலன்' வேண்டும். 'ஐ வாஸ் ஸ்டோலன்' என்றால் என்னையே தூக்கிக்கொண்டு போனார்கள். வீடு புகுந்து எடுத்தால் பிரிட்டிஷ் வழக்கில் 'பர்கிள்'.

சட்டத்தில் இது இன்னும் இறுக்கம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 378 'தெஃப்ட்', 390 'ராபரி', 391 'டெகாய்ட்டி'. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 303, 309, 310. ஆளுக்குத் தெரியாமல் எடுத்தால் அது வெறும் 'தெஃப்ட்'. அடித்தோ மிரட்டியோ எடுத்தால் 'ராபரி'. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் 'டெகாய்ட்டி'. பூட்டிய வீட்டில் நகை போனதை 'ராபரி' என்று புகாரில் எழுதினால், யாரை அடித்தார்கள், யாரை மிரட்டினார்கள் என்ற கேள்வி உடனே வரும். தமிழ் நாளிதழ்களில் பூட்டிய வீட்டுத் திருட்டுக்கும் 'கொள்ளை' என்று தலைப்புப் போடுவதால், மொழிபெயர்ப்பவர் தலைப்பை நம்பாமல் செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஆங்கிலச் சொல்லை எடுக்க வேண்டும்.

மழைத்தூறல்
இதே அச்சில் 'ஜெயி'யும் வரும். போட்டியையும் கோப்பையையும் 'வின்', எதிராளியை 'பீட்'. 'இந்தியா வன் தி வேர்ல்ட் கப் இன் 1983', 'இந்தியா பீட் வெஸ்ட் இண்டீஸ் பை 43 ரன்ஸ்'. 'இந்தியா வன் வெஸ்ட் இண்டீஸ்' என்றால் வெஸ்ட் இண்டீஸையே பரிசாக வாங்கி வந்த மாதிரி. 'பீட்' இறந்தகாலத்திலும் 'பீட்'தான். தோற்றால் 'லாஸ்ட் டு'.

சொல்வேட்டை
நல்ல ஜோடிகள். கறுப்புக்கோட்டு, மழைத்தூறல் இருவரும் காட்டியதும் வினைக்குப் பின்னால் யார், எது என்கிற அதே கேள்விதான்.

பெரியவர்கள் செய்கிற பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பேன். ஒரே பொருள் தருகிற இரண்டு வினைகளில் ஒன்று மற்றதன் வால்சொல்லை, அதாவது பின்னால் ஒட்டுகிற 'டு', 'ஃபார்', 'அபௌட்' போன்றதை, இழுத்துக்கொள்கிறது. 'டாக் அபௌட்' பழகியதால் 'டிஸ்கஸ் அபௌட்'. 'டெல் மீ' பழகியதால் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'. 'அட்வைஸ் மீ' பழகியதால் 'சஜெஸ்ட் மீ'. 'ஆஸ்க் ஃபார்' பழகியதால் 'ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்'. 'ரிப்ளை டு' பழகியதால் 'ஆன்ஸர் டு மை மெயில்'. 'கெட் டு' பழகியதால் 'ரீச் டு சென்னை'.

திருத்தம்: 'டிஸ்கஸ் தி ப்ளான்', 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ', 'சஜெஸ்ட் எ புக் டு மீ', 'ரிக்வெஸ்டட் லீவ்', 'ஆன்ஸர் மை மெயில்', 'ரீச் சென்னை'.

இதில் ஒரு பொறி உண்டு. அதே சொல் பெயர்ச்சொல்லாக வந்தால் வால்சொல் திரும்பி வந்துவிடும். 'எ டிஸ்கஷன் அபௌட் தி ப்ளான்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்', 'தி ஆன்ஸர் டு தி கொஸ்டின்' எல்லாமே சரி. அதனால் 'ரிக்வெஸ்ட் ஃபார்' என்பதைக் கண்டவுடன் அடிக்கக் கூடாது. முன்னால் 'எ', 'தி', 'மை', 'யுவர்' நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் பெயர்ச்சொல், விட்டுவிடுங்கள்.

அஞ்சல்பெட்டி
அலுவலக மெயில் பக்கம் மூன்று சொல்கிறேன்.

'இன்ஃபார்ம்' வினைக்கு ஆள் கட்டாயம். 'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் தட்' என்று அறிவிப்புப் பலகைகளில் தொங்குகிறதே, அது 'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தட்'. ஆளைச் சொல்ல விருப்பமில்லை என்றால் 'அனௌன்ஸ்' போடுங்கள், அதற்கு ஆள் வேண்டாம்.

'எதிர்பார்க்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் எக்ஸ்பெக்ட்டிங் யுவர் ரிப்ளை' என்றால் அதட்டல் தொனி வந்துவிடும். 'வெயிட்டிங்' போட்டால், உங்களால் வேலை நின்று கிடக்கிறது என்ற குறை தொனிக்கும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'தான் பணிவு. அந்த 'டு'வுக்குப் பின்னால் 'ஹியர்' இல்லை, 'ஹியரிங்'.

'என்ஷ்யூர்', 'அஷ்யூர்' குழப்பம்: காரியம் நடக்கும்படி பார்த்துக்கொள்வது 'என்ஷ்யூர்', ஆளுக்கு உறுதி சொல்வது 'அஷ்யூர்'. 'வீ வில் என்ஷ்யூர் டெலிவரி', 'வீ அஷ்யூர் யூ'. பின்னால் ஆள் நின்றால் 'அஷ்யூர்'.

குறிஞ்சிப்பூ
எல்லோரும் வினைச்சொல்லிலேயே நிற்கிறீர்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற பெயரடைகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. அங்கே வால்சொல்லும் கிடையாது, ஆளும் கிடையாது. பக்கத்தில் நிற்கிற பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது.

செய்தித் தமிழில் 'பலத்த' என்று ஒரு சொல். பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு, பலத்த கைதட்டல். ஆங்கிலத்தில் முறையே 'ஹெவி ரெயின்', 'ஸ்ட்ராங் விண்ட்', 'ஸீரியஸ் இஞ்சுரி', 'டைட் செக்யூரிட்டி', 'லவுட் அப்ளாஸ்'. ஒரு தமிழ்ச் சொல், ஐந்து ஆங்கிலச் சொற்கள், ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போட்டால் பெரும்பாலும் பல்லிளிக்கும். 'ஸ்ட்ராங் ரெயின்' நம்மவர் எழுத்தில் அடிக்கடி வருகிறது. 'கடும்' அதே மாதிரி: கடும் காய்ச்சல் 'ஹை ஃபீவர்', கடும் வலி 'ஸிவியர் பெயின்', கடும் போட்டி 'டஃப் காம்பெட்டிஷன்'.

ஏன் இப்படி என்று விதி தேடினால் கிடைக்காது. மொழியியலாளர் ஹாலிடே 1966இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட உதாரணம் நம் டீக்கடைக்கும் பொருந்தும்: 'ஸ்ட்ராங் டீ' உண்டு, 'பவர்ஃபுல் டீ' இல்லை. 'பவர்ஃபுல் கார்' உண்டு, 'ஸ்ட்ராங் கார்' இல்லை. ஆனால் வாதத்துக்கு இரண்டும் வரும். நம் மொழியிலும் சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒன்றுதானே? ஆனாலும் தயிர் சாதம், பழைய சோறு, அன்னதானம். பழைய அன்னம் என்றோ சோற்றுதானம் என்றோ யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளிடம் இதைக் கேட்டுவிட்டு 'ஹெவி ரெயின்' பக்கம் போனால், 'ஏன்' என்ற கேள்வியே எழாது.

உயரத்துக்கு மட்டும் ஓரளவு விதி உண்டு. அகலத்தைவிட உயரம் மிஞ்சி நிற்பவை 'டால்': ஆள், மரம், கட்டடம், கம்பம். தரையிலிருந்து எவ்வளவு மேலே என்பதுதான் முக்கியம் என்றால் 'ஹை': மலை, சுவர், கூரை, அலமாரித் தட்டு. ஆளுக்கு 'ஹை' ஒருபோதும் வராது. 'நிழல்' பற்றியும் ஒரு வரி: வெயிலுக்கு ஒதுங்குகிற இடம் 'ஷேட்', உருவம் விழுவது 'ஷேடோ'. வேப்ப மரத்து 'ஷேடோ'வில் யாரும் உட்கார்ந்து இளைப்பாறுவதில்லை.

நேர்வழி
'ஸ்டார்ட்', 'பிகின்', 'கமென்ஸ்' எந்த ரகம்?

குறிஞ்சிப்பூ
இரண்டு ரகமும் கலந்தது. எந்திரம், வண்டி, கடை, தொழில் எல்லாம் 'ஸ்டார்ட்' மட்டும். 'பிகின் தி கார்' கிடையாது. கூட்டம், பாடம், மழை இவற்றுக்கு இரண்டும் சரி. 'கமென்ஸ்' சடங்கு மொழி: வழக்கு விசாரணை, ஒப்பந்தக் காலம், பட்டமளிப்பு விழா.

இப்படி அடுக்கு அடுக்காகச் சொற்கள் இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது, படிப்புக்கு லத்தீன். பழைய ஊர்ச்சொல் வீட்டில் நின்றது, வந்த சொல் சபையில் நின்றது. 'ஆஸ்க்' ஊர்ச்சொல், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி, 'இன்டரகேட்' லத்தீன். நண்பனிடம் 'ஆஸ்க்', சாட்சியை 'கொஸ்டின்', கைதியை 'இன்டரகேட்'. 'பை', 'பர்ச்சேஸ்' இரண்டிலும் இதுதான். கடிதம் எழுதும்போது பெரிய சொல்தான் மரியாதை என்று நினைத்து 'பர்ச்சேஸ்டு எ பென்', 'கமென்ஸ்டு ரீடிங்' என்று எழுத வேண்டாம். சிறிய சொல்லில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பனையோலை
தாளில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு ஜோடியையும் எங்கே சரிபார்ப்பது? இணையத் தேடலில் 'டிஸ்கஸ் அபௌட்' போட்டால் ஏராளமாக வருகிறது, எல்லாம் சரி என்று நினைக்கத் தோன்றுகிறது.

சொல்வேட்டை
இணையத் தேடலின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அதில் பெயர்ச்சொல், வினைச்சொல், பிழை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஆங்கிலம்–தமிழ் அகராதியும் இதற்கு உதவாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய அகராதி, 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்தது, படிக்கும்போது புரியாத சொல்லுக்குத் தமிழ் தேடச் சிறந்தது. எழுதும்போது வேண்டியது கற்போர் அகராதி, அதாவது ஆங்கிலம் கற்பவர்களுக்காக ஆங்கிலத்திலேயே எழுதியது.

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ், லாங்மன் கன்டெம்பரரி இரண்டும் இணையத்தில் இலவசம். 'டெல்' என்று போட்டால் பொருளுக்குப் பக்கத்தில் சிறிய தடித்த எழுத்தில் வாக்கிய அமைப்பு இருக்கும். 'சம்படி' என்றால் ஆள், 'சம்திங்' என்றால் பொருள் அல்லது சேதி; சில அகராதிகளில் 'எஸ்பி', 'எஸ்டிஹெச்' என்று சுருக்கியிருக்கும். 'டெல் சம்படி சம்திங்' என்று இருந்தால் ஆள் முதலில், சேதி பின்னால். 'சஜெஸ்ட் சம்திங் டு சம்படி' என்று இருந்தால் சேதி முதலில், ஆள் 'டு' போட்டு. பலர் இந்த வரியைத் தாண்டி நேரே பொருளுக்குப் போய்விடுகிறார்கள். தேர்வுக்கு வேண்டியதே அந்த வரிதான். சில பக்கங்களில் 'விச் வேர்ட்?' என்று தனிப் பெட்டியும் உண்டு, குழப்பமான ஜோடிகளை அங்கே பிரித்துக் காட்டியிருப்பார்கள்.

லாங்மன் 1978இல் வந்தபோதே ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் எழுதியது. ஒன்பதாம் வகுப்புக்கு அது பொருத்தம்.

இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் 'க்ளோவ்பி' என்கிற சொற்தொகை, அதாவது உண்மையில் எழுதப்பட்ட வாக்கியங்களைத் திரட்டித் தேட வைத்திருக்கிற இணையதளம். இருபது நாடுகளின் இணைய ஆங்கிலம், ஏறத்தாழ 190 கோடிச் சொற்கள், பதிவு செய்தால் போதும். 'டிஸ்கஸ் அபௌட்' போட்டுப் பட்டியல் கேட்டால் நாடு வாரியாகப் பிரித்துத் தரும். பிரிட்டன், அமெரிக்கா கட்டங்களையும் இந்தியா, இலங்கை கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து லட்சம் சொல்லுக்கு எத்தனை என்ற வரியைத்தான் ஒப்பிட வேண்டும், மொத்த எண்ணிக்கையை இல்லை. நாட்டுக்கு நாடு தொகையின் அளவு வேறு.

தென்றல்_மதுரை
சரிபார்த்தாயிற்று என்று எல்லா ஜோடிகளையும் ஒரே அட்டவணையில் அடுக்கிவிடாதீர்கள். இதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. ஒத்த பொருள் சொற்களை முதல் நாளே ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். டிங்க்கம், வேரிங் என்ற ஆய்வாளர்கள் முறையே 1993இலும் 1997இலும் வெளியிட்ட சோதனைகளில், ஒரே வகையைச் சேர்ந்த சொற்களைக் கூட்டமாகப் படித்தவர்கள், தொடர்பில்லாத சொற்களைப் படித்ததைவிட மெதுவாகத்தான் கற்றார்கள்.

முதல் வாரம் 'டெல்' மட்டும். 'டெல் மீ', 'டோல்ட் ஹெர்', 'டெல் தி ட்ரூத்' என்று வாயில் ஓடட்டும். இரண்டு வாரம் கழித்து 'சே'. அதுவும் நின்ற பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பீடு. ஒப்பீட்டுப் பயிற்சி மறுபார்வைக்குத்தான் பயன்படும், அறிமுகத்துக்கு ஆகாது.

குறிஞ்சிப்பூ
புதுச் சொல்லுக்கு அது சரி அக்கா. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு 'சே', 'டெல்' இரண்டும் ஏற்கெனவே தெரியும், ஏற்கெனவே சிக்கியும் கிடக்கின்றன. அங்கே பிரித்துக் காட்டாமல் தீராது. புதிதாக வருகிற 'ஸ்டீல்', 'ராப்' மாதிரியானவற்றுக்கு உங்கள் முறையை வைத்துக்கொள்ளலாம்.

தென்றல்_மதுரை
அது நியாயம். சிக்கியதைப் பிரிப்பதற்கு ஒப்பீடு, புதியதற்கு இடைவெளி. அப்படியே போடுங்கள் பனையோலை.

பனையோலை
முதல் வரைவு. கோடிட்ட இடத்தில் சரியான சொல்லைப் போட வேண்டும்.

1. 'ஷீ ___ மீ டு கம் எர்லி.' (செட் / டோல்ட்)
2. 'ஐ கான்ட் ___ யூ, தி ஃபேன் இஸ் டூ லவுட்.' (ஹியர் / லிஸன் டு)
3. 'சம்படி ___ மை சைக்கிள்.' (ஸ்டோல் / ராப்ட்)
4. 'ப்ளீஸ் ___ மீ டு கால் ஹிம்.' (ரிமெம்பர் / ரிமைண்ட்)
5. 'வீ ___ எ ஃபிலிம் லாஸ்ட் நைட்.' (ஸா / வாட்ச்ட்)
6. 'தி போலீஸ் ___ தி கார் ஃபார் வெப்பன்ஸ்.' (லுக்ட் ஃபார் / ஸெர்ச்ட்)
7. 'தேர் வாஸ் ___ ரெயின் இன் கடலூர்.' (ஸ்ட்ராங் / ஹெவி)

சொல்வேட்டை
ஐந்தாவதை எடுத்துவிடுங்கள். 'ஸா எ ஃபிலிம்', 'வாட்ச்ட் எ ஃபிலிம்' இரண்டும் சரி. தியேட்டரில் பார்த்தால் 'ஸா' பக்கம் சாயும், வீட்டில் டிவியில் பார்த்தால் 'வாட்ச்ட்' பக்கம் சாயும், ஆனால் இந்த வாக்கியத்தில் இடமே சொல்லவில்லை. சரியாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். அதற்குப் பதில் 'டோன்ட் ___ தி சன்' என்று போட்டு 'லுக் அட்', 'வாட்ச்' கொடுக்கலாமா என்றால் அதிலும் கிரகண நாளில் 'வாட்ச்' வரும். 'ப்ளீஸ் ___ திஸ் மேப்' போடுங்கள், அதில் 'லுக் அட்' ஒன்றுதான் நிற்கும்.

ஆறாவது நல்ல கேள்வி. பின்னால் 'ஃபார் வெப்பன்ஸ்' இருப்பதால் 'லுக்ட் ஃபார்' போட்டால் இரண்டு 'ஃபார்' மோதும், பிள்ளை தானாகவே பிடித்துவிடும். ஒன்றாவதில் 'செட் டு' என்பதையும் மூன்றாவது தெரிவாகச் சேருங்கள். 'டோல்ட்' என்று எழுதுகிற பிள்ளை தெரிந்து எழுதுகிறதா, ஊகித்து எழுதுகிறதா என்று அதில்தான் தெரியும்.